குற்றம் எங்கே இருக்கிறது?

தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்தே செய்தால் தப்பு என்றொரு விளக்கம் நம்மிடையே வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வாட்ஸ்அப் காலை வணக்கங்களிலும் வாரம் தவறாமல் வந்துவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மக்கள் பேசும் வழக்கோடு வைத்துப் பார்த்தால் நிற்காது. கூட்டலில் சறுக்கிய பிள்ளையின் நோட்டைப் பார்த்து ஆசிரியர் "தப்பா போட்டிருக்கே" என்றுதான் சொல்கிறார். அந்தப் பிள்ளை வேண்டுமென்றேவா ஏழும் ஆறும் பன்னிரண்டு என்று எழுதியது? எதிர்த்தரப்பைக் குறைத்து மதிப்பிட்டுத் தோற்றவரைத் 'தப்புக் கணக்குப் போட்டார்' என்கிறோம். மறுபக்கம் பாருங்கள்: ஒருவர் பெண்ணிடம் 'தவறாக நடந்துகொண்டார்' என்று செய்தித்தாள் எழுதினால், பாவம், தெரியாமல் நடந்துகொண்டார் போலும் என்று எந்த வாசகரும் நினைப்பதில்லை. ஆக, தெரிந்து செய்வதும் தெரியாமல் செய்வதும் இந்த இரண்டு சொற்களையும் பிரிக்கும் கோடு இல்லை. இதே மாதிரி, தவறு சின்னது, தப்பு அதைவிடப் பெரிது, குற்றம் இன்னும் பெரிது, பாவம் எல்லாவற்றுக்கும் மேலே என்று ஏணி போட்டு வைப்பவர்களும் உண்டு. அந்த ஏணியும் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் தீய செயலைக் குறிக்கும் சொற்களைப் பிரிப்பது அளவோ கொடுமையோ அல்ல, இடம். கெட்டது எங்கே தங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லும் வேறோர் இடத்தைக் காட்டுகிறது. அதில் 'குற்றம்' என்ற சொல் மட்டும் இரண்டு இடங்களைக் காட்டுகிறது என்பதும், அந்த இரட்டைத்தன்மை பத்திரிகையிலும் நீதிமன்றத்திலும் சரித்திரத்திலும் சிலரை ரொம்பவே பாடுபடுத்தியிருக்கிறது என்பதும்தான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் வழியை விட்டு விலகும் சொற்கள். தவறு, தப்பு, பிழை, வழு, பிசகு எல்லாம் ஒரு கூட்டம். கை தவறி டம்ளர் விழுகிறது, பஸ்ஸைத் தவறவிடுகிறோம், வயதான ஒருவர் 'தவறிவிட்டார்' என்று துக்கச் செய்தி வருகிறது. கழுத்து பிசகிக்கொள்கிறது. வழு என்பதில் வழுக்கல் இருக்கிறது. இலக்கணக்காரர்கள் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடத்தில் பேச்சு வழுக்கும் என்று எண்ணி வைத்தார்கள். இந்தக் கூட்டத்தின் விசேஷம், இதில் சில சொற்கள் ஒரே மூச்சில் குறையையும் நிறையையும் சொல்லும். கணக்கு தப்பினால் நஷ்டம், உயிர் தப்பினால் லாபம். எழுத்தில் பிழை வந்தால் மதிப்பெண் போகும், ஆபத்தில் பிழைத்தால் ஊரே மகிழும், தினமும் வேலைக்குப் போவதற்கே பிழைப்பு என்றுதான் பெயர். இது ஏதோ தற்செயலாக ஒலி ஒத்துப்போனது என்று தள்ளிவிட முடியாது. 772-ஆவது குறளில் யானைமீது எறியப்பட்டுக் குறி தவறிய வேலைச் சொல்லும் இடத்தில் வள்ளுவர் 'பிழைத்தல்' என்ற வினையைத்தான் ஆள்கிறார். வேல் பிழைத்தது, அதனால் யானையும் பிழைத்தது. எறிந்தவன் பக்கம் நின்றால் பிழை, யானை பக்கம் நின்றால் பிழைப்பு. நடந்தது ஒரே விலகல்.

இந்தக் கூட்டத்துச் சொற்கள் சின்ன விஷயத்துக்கு மட்டும் உரியவை என்று நினைப்பவர்கள் சிலப்பதிகாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரையில் கோவலன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். கண்ணகி அரசவையில் சிலம்பை உடைக்கிறாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் தன் ஆட்சிக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது எடுத்தாளும் வினை பிழைத்தல்தான். நிரபராதி ஒருவனைக் கொன்றது, ஒரு தலைநகரம் எரிவதற்குக் காரணமானது, சொன்ன மாத்திரத்தில் அரசன் உயிரே போனது. அத்தனைக்கும் அந்தச் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. ஏணிக் கணக்குப்படி இங்கே மிகப் பெரிய சொல் ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால், செங்கோல் நேராகப் போக வேண்டிய வழியை விட்டு விலகியது என்பதுதான் இளங்கோ காட்ட விரும்பியது. விலகலின் விளைவு எவ்வளவு பெரியது என்பது வேறு கேள்வி.

இப்போது குற்றம். இந்தச் சொல்லைக் கேட்டதும் போலீஸ், கோர்ட்டு, ஜெயில் என்று மனம் ஓடுவது அண்மைக்காலப் பழக்கம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து விடைபெறும்போது, பெண்ணின் தகப்பனார் கையைக் கூப்பி, "ஏதாச்சும் குற்றங்குறை இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க" என்கிறாரே, அவர் என்ன சட்டத்தை மீறினார்? சாம்பாரில் உப்பு குறைந்திருக்கலாம், சம்பந்திக்கு நாற்காலி தாமதமாக வந்திருக்கலாம். குற்றமும் குறையும் அங்கே ஒட்டிப் பிறந்தவை. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் காதையில் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நாலு குற்றங்கள் சொல்லப்படுகின்றன. வைரம் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் திருடவில்லை. அதற்குள் ஒரு கீறலோ புள்ளியோ இருக்கிறது, அவ்வளவே. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் முக்குற்றம். சமய நூல்களில் காமம், வெகுளி, மயக்கம் மூன்றும் முக்குற்றம். நன்னூல் ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து என்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதும், எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றை நீட்டி முழக்குவதும் அதில் அடக்கம். (வலைப்பதிவர்கள் எல்லோரையும் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே கூண்டில் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.) திருவிளையாடல் படம் 1965-ல் வந்த பிறகு தமிழ்நாட்டில் நக்கீரரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் இறைவனிடமே கண்டது பொருட்குற்றம். பெண்கள் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற விவகாரம். இவை எல்லாவற்றிலும் குற்றம் என்பது ஒன்றன் உள்ளே இருக்கும் மாசு. மறு, வடு, கறை, களங்கம், கசடு, ஏதம் ஆகியவை இதன் உறவுக்காரர்கள்.

மாசு என்று சொன்னால் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: அதை நீக்கலாம். குற்றத்தோடு பழந்தமிழ் சேர்க்கும் வினை 'கடிதல்', அதாவது விலக்குதல், களைதல். திருக்குறளின் 44-ஆவது அதிகாரத்துக்கே குற்றங்கடிதல் என்றுதான் பெயர். அந்த அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் அரசியலில் இருக்கிறது. முதன்மையாக அரசனுக்குச் சொல்வது. அதில் கொலையும் கொள்ளையும் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவோம். செருக்கு, சினம், கொடுக்க மனம் வராத உலோபம், அளவு மீறிய உவகை என்று எல்லாம் குணங்கள். வெளியே ஒரு செயலும் இன்னும் நடக்கவில்லை. முதலில் தன் குற்றத்தை நீக்கிக்கொண்டு, பிறகு பிறர் குற்றத்தைப் பார்க்கிற அரசனுக்கு என்ன குற்றம் வரும் என்று கேட்கிறார் வள்ளுவர். தீய செயல்களைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தீவினையச்சம் என்று தனி அதிகாரம், 21-ஆவது, அறத்துப்பாலில் இருக்கிறது. குணத்தில் இருக்கும் மாசுக்குக் குற்றம், கையால் செய்த கேட்டுக்குத் தீவினை என்று வேறு வேறு அறைகளில் வைத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

உடனே ஒருவர் 549-ஆவது குறளைக் காட்டுவார். காட்டத்தான் வேண்டும். குடிமக்களைப் பிறரிடமிருந்து காத்து, தானும் வருத்தாமல் பேணி, அவர்களிடம் குற்றம் நேர்ந்தால் அதைக் கடிவது அரசனுக்கு வடு ஆகாது, அது அவன் தொழில் என்கிறது அந்தக் குறள். இங்கே குற்றம் என்பது தண்டிக்கத்தக்க செயல்தானே, அப்படியானால் சட்டம் சொல்லும் பொருள் ஈராயிரம் ஆண்டுக்கு நெருக்கமாகவே இருந்துவருகிறதே, வெள்ளைக்காரனா கொண்டுவந்தான் என்ற கேள்வி நியாயமானது. நான் மறுக்கவில்லை. செயல் என்ற பொருள் பழையதுதான். ஆனால் அங்கேயும் வினை கடிதல்தான் என்பதைக் கவனியுங்கள். அரசன் தன் குணத்திலிருந்து எதை எடுத்து எறிய வேண்டுமோ அதற்கும், குடிமகனிடமிருந்து எதை எடுத்து எறிய வேண்டுமோ அதற்கும் ஒரே தொடர். பரிமேலழகர் உரையும் தண்டத்தால் குற்றத்தை ஒழித்தல் என்றுதான் போகிறது. ஆள் வேறு, அவனிடம் நேர்ந்த குற்றம் வேறு. போக வேண்டியது குற்றம். அடுத்த குறளே, 550, இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. கொலையினும் கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிர் நடுவே களை பிடுங்குவது போன்றது என்கிறது. இதில் களை யார்? ஆளேதான். முதல் குறளில் மனிதனிடமிருந்து குற்றம் நீங்குகிறது, இரண்டாவதில் நாட்டிலிருந்து மனிதன் நீங்குகிறான். அடுத்தடுத்த இரண்டு குறள்களில் இந்தக் கவட்டை இவ்வளவு துல்லியமாக நிற்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்தச் சொல்லின் இரட்டை இருப்பு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இரண்டாம் வழி கொடியவர்களுக்கு மட்டும் என்ற வேலியும் போடப்பட்டிருக்கிறது.

மற்ற இரண்டு கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாவம், தீவினை, பழி மூன்றும் பற்றெழுதி வைக்கும் சொற்கள். செய்தது முடிந்தாலும் யார் பேரிலோ நிலுவையில் நிற்கும். பழி ஊரார் வாயில் நிற்கும், பாவம் அடுத்த பிறவிவரை வரும். நொந்து போனவரைப் பார்த்து "பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறோமே, அதன் பின்னாலும் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்வினை இவரை இப்படி வாட்டுகிறதே என்ற இரக்கம், நாளடைவில் வினையை மறந்துவிட்டு இரக்கம் மட்டுமாக நின்றுவிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. அநியாயம், அக்கிரமம், முறைகேடு, அத்துமீறல் எல்லாம் ஒழுங்கு கலைந்ததைச் சொல்பவை. கிரமம் இல்லாதது அக்கிரமம்; தக்காளி விலையைக் கேட்டு "அநியாயமா இருக்கே" என்பவர் கடைக்காரரைப் பாவி என்று சொல்லவில்லை. ஊழல் மட்டும் ஒரு வேடிக்கை. அழுகிப்போதல் என்ற பழம்பொருளிலிருந்து வந்து, இன்று 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் என்று சட்டத்தின் பெயரிலேயே உட்கார்ந்துவிட்டது. லஞ்சம் வாங்கியவர் யார் என்பதைவிட எந்த அலுவலகம் நாறுகிறது என்பதையே அந்தச் சொல் முதலில் காட்டும்.

சட்டத்துக்கு வருவோம். 1860-ல் இயற்றப்பட்டு 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் தன் 40-ஆவது பிரிவில் குற்றத்துக்குச் சொன்ன விளக்கம் சப்பென்று இருக்கும்: இந்தச் சட்டத்தின்படி தண்டிக்கத்தக்கது எதுவோ அது. மாசு, களங்கம், மனச்சாட்சி எதுவும் இல்லை. சட்டம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால் அது குற்றம், எடுத்துவிட்டால் குற்றமில்லை. சட்டத்துக்கு அப்படித்தான் வேண்டும். இல்லாவிட்டால் நீதிபதி ஒவ்வொருவரும் தன் மனசுக்குப் பிடிக்காததையெல்லாம் தண்டிக்கத் தொடங்கிவிடுவார். தமிழில் இந்த உலர்ந்த கருத்துக்குப் பெயராக வந்த சொல்தான், வைரத்தின் கீறலையும் அரசனின் செருக்கையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த குற்றம். விளைவு என்னவென்று 2018 செப்டம்பர் 27 அன்று நன்றாகத் தெரிந்தது. மணமான பெண்ணோடு அவள் கணவன் சம்மதமில்லாமல் உறவு கொள்ளும் ஆணைத் தண்டித்த 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அன்று நீக்கியது. மனைவியைக் கணவனின் சொத்தாகப் பார்க்கும் பிரிவு இது என்பது முக்கியமான காரணம். விவாகரத்துக்கு அதைக் காரணமாகக் காட்டும் உரிமை அப்படியே இருக்கிறது என்பதும் தீர்ப்பிலேயே உண்டு. ஆனால் தமிழில் அது 'குற்றமல்ல' என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. கேட்டவர்கள் காதில் 'அதில் மாசு ஒன்றுமில்லை' என்று விழுந்தது. அப்புறம் என்ன, குடும்பம் கெட்டது, பண்பாடு போனது என்று விவாதம். நீதிமன்றம் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்தது. மக்கள், ஒழுக்கத்துக்கே நற்சான்று கொடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்கள். 'இனி தண்டனைக்குரியதல்ல' என்று எழுதியிருந்தால் தலைப்பில் சில எழுத்துகள் கூடியிருக்கும், குழப்பத்தில் பாதி குறைந்திருக்கும்.

இது வெறும் குழப்பம். இதைவிடக் கொடுமையான ஒன்று நம் சரித்திரத்திலேயே நடந்திருக்கிறது. 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்த ஒரு ஏற்பாடு, சில சமூகங்களை மொத்தமாகக் குற்றம் செய்பவர்கள் என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தமிழில் அதற்கு அமைந்த பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். மக்கள் வாயில் அது கைரேகைச் சட்டம். வளர்ந்த ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்கள் இதற்குள் சிக்கினார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காக வாதாடினார். அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். இந்த இரண்டு சொற்களைச் சேர்த்துப் பாருங்கள்: குற்றம், பரம்பரை. சட்டம் சொன்ன இலக்கணப்படி குற்றம் என்பது ஒரு நாள் ஒருவன் செய்யும் செயல். செயலுக்கு எப்படிப் பரம்பரை வரும்? திருட்டு அப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தாக இறங்குமா? இறங்கக்கூடியது மாசுதான். தண்டிக்கத்தக்க செயல் என்ற சட்டப் பொருளும், உடம்போடு ஒட்டிய கறை என்ற பழைய பொருளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்ட இடம் அது. பிறந்த குழந்தை எதையும் செய்திருக்க முடியாது, ஆனாலும் 'குற்ற'ப் பரம்பரையில் பிறந்திருந்தது. பழைய பொருளோடு கூட வந்த 'கடிதல்', அதாவது நீக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் வழியில் எங்கேயோ விடுபட்டுப் போயிற்று.

இதை ஒரு சொல்லின் தலையில் கட்டுவது அநியாயம், செய்தது ஆங்கில அரசு, துப்பாக்கி பிடித்தது போலீஸ் என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தின் கொள்கை தமிழிலிருந்து பிறக்கவில்லை. சாதித் தொழில் பரம்பரையாக வருவதுபோல் திருட்டும் வரும் என்று காலனி அதிகாரிகள் நம்பியதிலிருந்து பிறந்தது. சொல் துப்பாக்கி தூக்காது. ஆனால் அந்த ஏற்பாடு ஊர் மக்களுக்கு இயல்பானதாகத் தோன்ற, அக்கம்பக்கத்தாரே 'அந்தப் பரம்பரை அப்படித்தான்' என்று பேச, அந்தச் சொல்லில் இடம் தயாராக இருந்தது. பிழைப்பரம்பரை என்றோ தவறுப்பரம்பரை என்றோ சொல்லிப் பாருங்கள், நாக்கே ஏற்காது. விலகல் யாருக்கும் பிறப்பில் வருவதில்லை. கறை வரும் என்று நம்ப முடியும்.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது, இது கொஞ்சம் கனமானது. ஒருவன் செய்ததற்கு உறவினரைச் சேர்த்துத் தண்டிப்பது காலனி அரசுக்கு முன்பே இங்கே இருந்ததுதானே? இருந்தது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசன் காலத்தில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தோடு உறவினர்களின் சொத்தையும் கைப்பற்றியதைச் சொல்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலைத் தேர்தலில் யார் நிற்கக் கூடாது என்று பட்டியல் போடும்போது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினர்களையும் விலக்குகின்றன. அதே பட்டியலில் மகாபாதகம் செய்தவர்களும் வருகிறார்கள். ஆனால் இரண்டிலும் தொடக்கம் ஒரு நடந்த செயல், பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள். உடையார்குடியில் சொல் துரோகி. நம்பினவருக்குச் செய்தால்தான் துரோகம், வெறும் பிறப்பால் ஒருவர் துரோகியாக முடியாது. உத்திரமேரூரில் உறவினரை விலக்கியது கணக்கை மூடி மறைக்க ஆள் கிடைக்கக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். இன்றைக்கும் டெண்டரில் உறவினர் கூடாது என்கிறோம். இந்தப் பழைய தண்டனைகள் நியாயமானவை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. யாரும் எதையும் செய்வதற்கு முன்பே ஒரு கூட்டத்தைக் குற்றத்தோடு பிறந்தவர்கள் என்று அறிவிப்பதற்கு இவை முன்மாதிரி ஆகமாட்டா என்று மட்டும் சொல்கிறேன்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போயிற்று, நாடு முழுவதும் 1952-ல் போயிற்று. அதன் பிறகு அந்தச் சமூகங்களுக்குத் தமிழ்நாடு வைத்த பெயர் சீர்மரபினர். பெயரை யோசித்தவர் யாராக இருந்தாலும் கைகுலுக்கத் தோன்றுகிறது. பரம்பரைக்குப் பதில் மரபு, குற்றத்துக்குப் பதில் சீர். கறை எந்த இடத்தில் பூசப்பட்டதோ அதே இடத்தைப் பார்த்துத் துடைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, சூழலைப் பார்த்தே எந்தக் குற்றம் என்று மக்கள் புரிந்துகொள்வார்கள், வைரக் குற்றத்துக்கும் கொலைக் குற்றத்துக்கும் யாருக்கு இங்கே குழப்பம் என்று கேட்பவர்கள். இரண்டு கோடியிலும் குழப்பமில்லை, உண்மைதான். நடுவில் இருக்கிறது. சட்டமே அதை ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு வலுவான சான்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் மூன்றாம் பிரிவில் அடிப்படைக் கொள்கைகளை வரிசைப்படுத்தும்போது, சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் தொனியுள்ள, களங்கம் பூசும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தனிக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் அந்தச் சட்டத்தில் குற்றவாளிச் சிறுவன் கிடையாது, சட்டத்தோடு முரண்பட்ட சிறார்தான் உண்டு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் தண்டனை பற்றிய பதிவுகளை அழித்துவிடவும் சொல்கிறது. பதினாறு வயது தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. முரண்பட்டது என்பது விலகல் கூட்டத்தைச் சேர்ந்த சொல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளுவர் 549-க்கும் 550-க்கும் நடுவே போட்ட வேலியைச் சட்டம் பதினாறு வயதில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியவர்கள் விஷயத்தில் தமிழ் இவ்வளவு கவனமாக இல்லை. பத்திரிகைகளில் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்ற நீளமான சொல் முதல் நாள் வரும், மூன்றாம் நாள் இடம் போதாமல் 'குற்றவாளி' ஆகிவிடும். வழக்கு அப்போது குற்றப்பத்திரிகைக்கே வந்திருக்காது. நீதிமன்றத்துக்குள் போனால் இன்னும் விசித்திரம். தீர்ப்பு வருவதற்கு முன்னால், நிரபராதி என்று கருதப்பட வேண்டிய ஆளை நிறுத்தி வைக்கும் இடத்துக்குக் குற்றவாளிக் கூண்டு என்று பெயர். அதே நீதிமன்றத்தின் தமிழ்த் தீர்ப்புகளைப் படித்தால் அந்த ஆள் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் குறிக்கப்படுகிறார். சாதாரணக் காதுக்கு எதிரி என்றால் பகையாளி, அது குற்றவாளியைவிட மோசமாகத் தொனிக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு எதிரிதான் மேல் என்று தோன்றுகிறது. வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர் என்பதற்கு மேல் அந்தச் சொல் அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வழக்கு முடிந்து வெளியே வந்தால் எதிர்ப்பக்கமும் முடிந்துபோகிறது. விடுதலையாகிப் போகிறவர் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவது அந்தக் கூண்டின் பெயர்தான்.